மூணு வாய் வீடு

லாத்தா ஆற்றுக்கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். வலது காது தரைக்கல்லில் அழுந்தியிருந்தது. முக்காடு ஒரு பக்கம், சடை ஒரு பக்கம். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்ட மாங்காய்த் துண்டைக் கடித்தபடி நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"என்னா லாத்தா, காதுவலியா?"

"வாயை மூடுடி. கேக்க விடு."

மாங்காய் தீர்ந்து, விரலையும் நக்கி முடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு காதை வைத்துப் பார்த்தாள். பிறகு மல்லாந்து படுத்து மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சத்தமே இல்லைடி மைமூன். ஆறு நின்னுபோச்சு."

ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறு எங்கேயும் நிற்கவில்லை. கடல் ஏற்றத்துக்குப் பழுப்புத் தண்ணீர் படித்துறையின் பாதிப் படியை ஏறியிருந்தது. யாரோ ஒருவன் தோணியில் கோரைக்கட்டு ஏற்றிக்கொண்டு போனான்.

"ஓடுதே லாத்தா!"

"வெளியே ஓடுது. நம்ம வீட்டுக்குள்ளேதான் நின்னுபோச்சு."

அன்று காலையில்தான் வீட்டுக்கு அடியில் இருந்த மூன்றாவது வாயையும் செங்கல் வைத்து அடைத்து முடித்திருந்தார்கள். சாந்தின் ஈரம்கூடக் காயவில்லை.

இந்தத் தொடரில் அந்தச் சுவரைப் பற்றி எழுதாமல் வாரா வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஜன்னலை எழுதினேன், மாடிப்படியை எழுதினேன், சமையற்கட்டுப் புகைபோக்கியைக்கூட விடவில்லை. "ஒரு ஜன்னலுக்கு இரண்டு வாரமா அம்மா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கட்டும் தம்பி, உமக்கு அவசரம். எனக்கு அந்த ஜன்னல் பிடிக்கும். அந்தச் சுவர் பிடிக்காது. அதனால்தான் இத்தனை சுற்று.

லாத்தா என்றால் அக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுக்கு ஜுலைகா என்று அழகான பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உம்மாவும் வாப்பாவும்தான்.

கப்பல்காரர் கட்டியது

முன் அத்தியாயங்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற ரோட்டில் பாதியில் இறங்கிக் கிழக்கே நடந்தால் எங்கள் ஊர். காவிரி எத்தனையோ கிளையாகப் பிரிந்து, வயலுக்கெல்லாம் கொடுத்து முடித்து, மிச்சத்தைக் கொண்டுவந்து உப்பங்கழியில் கொட்டுகிற இடம். ஊர் பெயரை எழுத வேண்டாம் என்று என் பேத்தி சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை, போதுமா.

வாப்பாவின் பாட்டனார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் விட்டவர். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த சமயத்தில் கட்டிய வீடு என்பார்கள். சரியான வருஷம் யாருக்கும் தெரியாது. மனுஷன் வீட்டின் முகத்தை ஆற்றைப் பார்த்து வைத்தார். முதுகு தெருப்பக்கம். அந்தக் காலத்தில் தெருவில் யார் வந்தார்கள்? சரக்கு, விருந்தாளி, மாப்பிள்ளை, எல்லாம் தண்ணீரில்தான் வந்தது. பிறகு ரோடு வந்தது, பஸ் வந்தது, தோணிகள் நின்றன. வீட்டின் முதுகு முகமாகிவிட்டது. "கலெக்டரே வந்தாலும் நம்ம வீட்டுக்குக் கொல்லை வழியாத்தான் வரணும்" என்று உம்மா சிரிப்பாள்.

மர வேலை முழுக்கக் கப்பல் தச்சர்கள் செய்தது. ஆற்றுக்கூடத்தில் படுத்து அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப்போட்ட தோணிக்குள் கிடக்கிற மாதிரி இருக்கும். பர்மா தேக்கு விலா எலும்புபோல வளைந்து வளைந்து இரண்டு பக்கச் சுவரிலும் இறங்கும். இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. தரைக்குப் பினாங்கிலிருந்து வந்த பூப்போட்ட கல். நீலப் பூ, காவி இலை.

எல்லாவற்றையும்விட விசேஷம், அடியில். ஆற்றைப் பார்த்த அஸ்திவாரச் சுவரில் மூன்று பெரிய வளைவுகள் விட்டிருந்தார். அதனால்தான் ஊரில் எங்களுக்கு 'மூணு வாய் வீடு' என்று பெயர். தோணி அந்த வாய் வழியாக வீட்டுக்கு அடியில் நுழைந்துவிடும். கூடத்தின் நடுவே தரையில் ஒரு கனத்த தேக்குப் பலகை மூடி இருக்கும். அதைத் தூக்கினால் கீழே தோணி. முகட்டுக் கொக்கியில் கயிறு போட்டு மூட்டையை மேலே இழுத்துவிடுவார்கள். மழையில் ஒரு நெல்மணி நனையாது.

கப்பல் போன பிறகு அந்த வாய்களுக்கு வேலை தண்ணீரை விடுவதுதான். ஏற்றத்துக்கு உள்ளே வரும், வற்றத்துக்கு வெளியே போகும். பின்பக்கம் தெருவோர வாய்க்காலைப் பார்த்து ஒரு சின்னத் துவாரமும் இருந்தது. மழைக்காலத்தில் வாய்க்கால் மிஞ்சினால் அந்தத் தண்ணீர் வீட்டுக்கு அடியிலேயே ஓடி, மூன்று வாய் வழியாக ஆற்றில் விழுந்துவிடும். எத்தனையோ வெள்ளம் பார்த்த வீடு. ஒரு கல் அசைந்ததில்லை. தண்ணீரோடு சண்டை போடாமல் வழியை விட்டுக் கட்டியிருந்தார்.

அந்தச் சத்தத்தில்தான் நானும் லாத்தாவும் வளர்ந்தோம். தரைக்கு அடியில் யாரோ மெல்லப் பேசிக்கொண்டே இருப்பார்கள். விருந்துக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் பயந்து அழும். எங்களுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

பாட்டனாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதை வாப்பா சாப்பாட்டில் சோறு மிஞ்சிய நாளெல்லாம் சொல்வார். ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வந்த கப்பலில் எங்கேயோ ஒரு பலகை கசிந்ததாம். கடல் உள்ளே வந்து மூழ்கவில்லை. அரிசி தண்ணீரைக் குடித்து ஊதி, உள்ளிருந்தே பலகைகளைப் பிளந்துவிட்டது. "கடல் முழுங்கலை புள்ளைங்களா, சோறு உடைச்சிச்சு!" என்று சொல்லிவிட்டு, தொடையில் தட்டிச் சிரிப்பார். எத்தனை நூறு தடவை கேட்டிருப்போம்! சொன்னவருக்கும் உறைக்கவில்லை, கேட்ட எங்களுக்கும் உறைக்கவில்லை.

மாப்பிள்ளை வந்து குடியேறும் வீடு

எங்கள் ஊர் வழக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதனால் வீடு பெண்ணுக்கு. மூத்தவளுக்கு முதல் உரிமை. பிறந்த அன்றே ஆற்றுக்கூடம் லாத்தாவுக்கு என்று ஆகிவிட்டது. பர்மா தேக்கில் கடைந்த சப்பரமஞ்சக் கட்டில் அவளுக்காகவே அங்கே காத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு மாப்பிள்ளையும் முடிவாகியிருந்தது. சிங்கப்பூரில் கடை. ஒரே ஒரு போட்டோ வந்திருந்தது, அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் காதைத் திருகினாள். திருகும்போதே சிரித்தும் விட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் 'வீடு பார்க்கிறது' என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் உம்மாவும் உறவுக்காரப் பெண்களும் வந்து, மகன் குடியிருக்கப் போகிற அறையை ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். கட்டிலில் உட்கார்ந்து ஒரு வாய் சர்பத் குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். மழை தொடங்கிய பிறகு, ஐப்பசியில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். வீடு நன்றாக இருந்தால் லாத்தாவுக்கு வாழ்க்கை. அவ்வளவுதான் விஷயம்.

கட்டிலுக்குக் கீழே

அது ஆட்சி மாறிய காலம். டீக்கடைக்கு டீக்கடை கறுப்புச் சிவப்புக் கொடி. கூலிக்காரர்கள் தெருவில் செங்கொடி. வாப்பாவுக்கு இரண்டும் ஆகாது. அவருடைய தம்பி, எங்கள் சாச்சா, ஆளுங்கட்சி பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு மேடையில் ஏழைக்கு அரிசி என்று பேசிவிட்டு வருவார். அந்தக் கட்சி வைத்த லெவியிலிருந்து நெல்லை எப்படி மறைப்பது என்று வீட்டில் வாப்பாவுக்கு யோசனை சொன்னவரும் அவர்தான். இதற்கெல்லாம் வெட்கப்பட எங்கள் சாச்சாவுக்கு நேரம் இருந்ததில்லை.

லெவி என்றால் தெரியுமல்லவா? விளைந்ததில் ஒரு பங்கை சர்க்கார் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தையில் அறுப்புக்குக் கூலி கூட்டித் தராவிட்டால் அரிவாளைத் தொட மாட்டோம் என்று எங்கள் வயலாட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது அரை மரக்கால் நெல் கூடுதல். வாப்பா வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தார். களத்தில் அடிதடி. பக்கத்து ஊரில் வைக்கோல் போர் எரிந்தது. உச்சவரம்பு வருகிறது, நிலமெல்லாம் போய்விடும் என்று வேறு பேச்சு. அந்த வருஷம் எங்கள் தெரு ஆண்கள் எல்லாருக்கும் முகம் கறுத்துக் கிடந்தது.

நெல்லை எங்கே வைப்பது? பத்தாயத்தில் வைத்தால் லெவிக்காரன் பார்ப்பான். களத்தில் விட்டால் கொளுத்திவிடுவார்கள் என்று பயம். சாச்சாதான் சொன்னார். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கூடத்துக்குக் கீழே கொட்டிடலாம் காக்கா. மூணு வாயையும் அடைச்சிட்டா எவனுக்குத் தெரியும்? மூடிமேலே புள்ளை கட்டிலைப் போட்டுட்டா, பொம்பளைங்க படுக்கிற இடத்துக்குள்ளே எந்த ஆபீசர் வருவான்?"

உம்மா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வந்து போற வழியாச்சே. அதை அடைக்கிறீங்களே!"

"மாசியிலே ஏது தண்ணி?" என்றார் வாப்பா. "ஐப்பசிக்குள்ளே வித்துட்டு உடைச்சிடலாம். நீ போய்ச் சோத்தைப் பாரு."

உப்பளத்துப் பக்கமிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, ஒற்றைச் செங்கல்லில் அவசரமாக மூன்று வாயையும் அடைத்தார்கள். ஏற்றத்துத் தண்ணீர் உள்ளே வராதபடி சிமெண்டு பூசினார்கள். கீழே பலகை பரப்பி, பாய் விரித்து, மூடியைத் திறந்து நெல்லைக் கூடத்துத் தரை முட்டக் கொட்டினார்கள். பின்பக்கத் துவாரம் யாருக்கும் நினைவில்லை. புல் மண்டி மறைந்திருந்தது.

லாத்தாவின் கட்டில் மூடியின்மேல் வந்தது. மூன்றாவது வாய் அடைபட்ட அன்றைக்குத்தான் அவள் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

லெவி ஆபீசரும் வந்தார். பத்தாயத்தைத் தட்டிப் பார்த்தார், மாட்டுக்கொட்டகையைப் பார்த்தார். ஆற்றுக்கூடத்துத் திரையருகே வந்து, "இந்தப் பக்கம் என்னங்க?" என்றார்.

"பொம்பளைங்க இருக்காங்க."

"சரிங்க, சரிங்க" என்று இரண்டடி பின்னால் போய், நன்னாரி சர்பத் குடித்துவிட்டுப் போனார். சாச்சா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காதவள் லாத்தாதான். எங்கள் வீட்டில் நெல் குத்த வருகிற அஞ்சலையக்காவை அந்த மாசியோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் செங்கொடியில் முன்னால் நின்றவன். லாத்தாவின் தலைக்குப் பேன் பார்த்து, மருதாணி அரைத்துக் கொடுத்து, போட்டோ வந்த அன்று அதை முதலில் பார்த்தவள் அஞ்சலையக்கா. வைகாசி போய் ஆவணி வந்தபோது அவள் ஆற்றங்கரையில் நத்தை பொறுக்குவதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். கழுத்தெலும்பு தெரிந்தது. வயலாட்களுக்கு எங்கேயும் வேலை இல்லை, சொல்லிவைத்த மாதிரி எல்லா மிராசும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"இந்தக் கட்டில்ல படுத்தா அஞ்சலையக்கா வீட்டு அடுப்பு மேலே படுத்த மாதிரி இருக்குடி" என்றாள் லாத்தா. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அணைந்த அடுப்புதானே, சுடாதே என்று நினைத்தேன்.

தரை சுட்டது

ஐப்பசி வந்தது. நெல் விலை ஏறிக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் பொறுப்போம்" என்றார் வாப்பா. விலை மட்டும் காரணம் இல்லை. சுவரை உடைத்து நெல்லை எடுத்தால் ஊர் பார்க்கும். பட்டினி கிடக்கிற ஊர். அதற்கு அவர் பயந்தார்.

அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. தெருவோர வாய்க்கால் பொங்கிற்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, லாத்தா என்னை எழுப்பினாள்.

"கேளுடி. சத்தம் வருது."

நானும் காதை வைத்தேன். ஆறு திரும்பிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஆறு இப்படியா கேக்கும்? இது ஏதோ கடிக்கிற சத்தம்." முறுமுறுவென்று, விட்டுவிட்டு, எதுவோ உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

வாப்பாவிடம் சொன்னாள். "எலியா இருக்கும்" என்றார்.

மறுநாள் தரைக்கல் வெதுவெதுப்பாக இருந்தது. வாப்பா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவே இல்லை. வயல் வைத்திருக்கிற யாருக்கும் அந்தச் சூடு தெரியும். ஊறவைத்த விதைநெல்லை மூட்டை கட்டிவைத்தால் அப்படித்தான் சுடும். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! எப்படி வந்திச்சு தண்ணி? எங்கே வந்திச்சு?"

"திறந்துடுங்க வாப்பா" என்றாள் லாத்தா.

"வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க புள்ள. இப்ப கூடத்தைப் பேத்துப் போட்டா என்னன்னு சொல்லுவேன்? வந்து பாத்துட்டுப் போவட்டும். சனிக்கிழமை நானே கடப்பாரையை எடுக்கிறேன்."

"அதுவரைக்கும் தாங்குமா வாப்பா?"

"உனக்காகத்தான் பாக்குறேன்!" என்று கத்தினார். அவர் எங்களிடம் கத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை, கட்டில் காலடியில், நீலப்பூக் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. நெல் முளை. மூடியின் இடுக்கு முழுக்க முளை. உம்மாவும் லாத்தாவும் மண்டியிட்டு உட்கார்ந்து நகத்தால் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டார்கள். கிள்ளக் கிள்ள வந்தது. புளித்த நாற்றத்துக்குச் சாம்பிராணி போட்டார்கள். கூடத்துக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. சாச்சா அதன் அடியை இழைத்தார். கப்பல் தச்சர் செய்த கதவு அது.

சர்பத்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா பெரிய உடம்பு, மூக்கில் வைரம், நல்ல சிரிப்பு. மோசமான மனுஷி என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். ஆற்றுக்கூடத்துக் கதவு கரகரவென்று தரையைத் தேய்த்தது.

"மழைக்கு மரம் ஊறிக்கிச்சோ?"

"ஆமாங்க மாமி" என்றாள் உம்மா.

"ஏதோ புளிச்ச வாசம் வருதே."

"மாவு அரைச்சு வச்சிருக்கேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். செருப்பில்லாத காலைத் தரையில் ஊன்றினார். ஊன்றிய காலை உடனே தூக்கினார்.

"என்னா புள்ள, தரை வெதுவெதுன்னு இருக்கு?"

உம்மா லாத்தாவின் கையை அழுத்திப் பிடித்ததை நான் பார்த்தேன். லாத்தா தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"கீழே நெல் இருக்கு மாமி. நனைஞ்சிடுச்சு."

மாப்பிள்ளையின் உம்மா தரையையும் லாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தம்மா கடகடவென்று சிரித்தார். "இதுக்கா புள்ள இப்படி நடுங்குறே? எங்க வீட்டு நெல்லைக் கிணத்துக்குப் பக்கத்துலே மறைச்சு வச்சிருக்கோம். நெல் இருக்கிற வீட்டுக்குத்தானே மவனை அனுப்பணும்!" என்று சர்பத் டம்ளருக்குக் கை நீட்டினார்.

உம்மாவுக்கு உயிர் வந்தது. வாப்பா திரைக்கு அந்தப் பக்கம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னது கேட்டது. டம்ளர் உதட்டருகே போயிருக்கும். அப்போதுதான் அடியில் ஏதோ முறிந்தது.

இடி என்று நினைத்தோம். கட்டில் ஒரு பக்கமாக இறங்கிற்று. மூடி உள்ளே அமிழ்ந்தது. அந்தம்மா சர்பத்தோடு சரிந்து உம்மாமேல் விழுந்தார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். நடு வாயை அடைத்திருந்த சுவர் அப்படியே ஆற்றில் பெயர்ந்து விழுந்திருந்தது. பாட்டனார் கட்டிய வளைவு நின்றது. அதன் வழியாக நெல் வந்துகொண்டே இருந்தது. முதலில் கறுத்தது, நாற்றத்தோடு. பிறகு வெள்ளை முளை விட்டது, கொத்துக் கொத்தாக. அதன் பின்னால் பழுப்பாக, இன்னும் கெடாதது.

ஆற்றில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அஞ்சலையக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நெல் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு கை அள்ளி முகர்ந்தாள். எங்கள் வீட்டைப் பார்த்தாள். முந்தானையை விரித்தாள். மற்றவர்களும் விரித்தார்கள். கரையில் ஆண்களும் சேர ஆரம்பித்தார்கள்.

"எவடி அவ? கையை வச்சே, காலை ஒடைச்சிடுவேன்!" சாச்சா தடியோடு படித்துறைக்கு ஓடினார். பெண்கள் அள்ளியதைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது லாத்தா கூடத்தில் இல்லை.

பக்கக் கதவு வழியாக இறங்கிப்போய்விட்டாள். ஆண்கள் நடமாட்டம் இல்லாத நேரத்தில்கூட அந்தப் படியில் அவள் தனியாக இறங்கியதில்லை. கல்யாணத்துக்கு வைத்திருந்த ரோஜா நிறச் சேலையோடு, முக்காடு நழுவி, சடை அவிழ்ந்து, சாச்சாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவே தண்ணீரில் நின்றாள்.

"அஞ்சலையக்கா! ஓடாதீங்க! உள்ளே இன்னும் கிடக்கு. வாங்க, வந்து எடுங்க!"

அஞ்சலையக்கா நின்றாள். "வேணாம் பாப்பா. நீ உள்ளே போ. ஆம்பளைங்க நிக்கிறாங்க, ஒனக்கு நல்லதில்லே."

"வாங்கங்கிறேன்!"

வளைவுக்குள் கையை விட்டு இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே தள்ளினாள். அஞ்சலையக்கா அழுதுகொண்டே வந்தாள். "மேலாக உள்ளது தேறும். காயவச்சா கஞ்சிக்கு ஆவும்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

வாப்பா மேல்படியில் வந்து நின்றார். மழையில் தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உள்ளே வா ஜுலைகா."

அவள் வாரிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே வந்துடும்மா. பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். என் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் உம்மா நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு லாத்தா குனிந்து இன்னொரு கை வாரினாள். வாப்பா சாச்சாவின் கையிலிருந்த தடியை வாங்கி ஓரமாக வைத்தார்.

சர்பத் தரையில் கொட்டியிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுச் சேதி மறுவாரம் ஒரு தூதுக்காரம்மா மூலம் வந்தது. "வீட்டுக்கு ஒண்ணுமில்லையாம், சுவரைக் கட்டிக்கலாமாம். பொண்ணு ஆத்துல எறங்கி நாலு ஆம்பளைங்க பாக்கத் தலைவிரிச்சு நின்னுச்சே, அதை எதைவச்சுக் கட்டுறதுன்னு கேக்குறாங்க."

அன்று உம்மா சத்தம் போட்டு அழுதாள். லாத்தா தலையணை உறைக்குள்ளிருந்து போட்டோவை எடுத்து, தூதுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு டீ போடப் போனாள்.

அடுத்த அறுப்புக்கு வாப்பா அரை மரக்காலைக் கூட்டிக் கொடுத்தார். பயந்து கொடுத்தாரா, வெட்கப்பட்டுக் கொடுத்தாரா, நான் கேட்டதில்லை. மற்ற இரண்டு வாயையும் அவரே கடப்பாரை எடுத்துத் திறந்துவிட்டார். பெயர்ந்த தரைக்குப் பினாங்குக் கல் எங்கே கிடைக்கும்? நடுவே மட்டும் சிவப்பு சிமெண்டு பூசினார்கள். நிலங்கள் பிறகு ஒவ்வொன்றாகப் போயின, அதை வேறொரு வாரம் அழுதுகொள்ளலாம்.

லாத்தாவுக்கு வேறு இடம் வரவேயில்லை. வந்த ஓரிரண்டும் ஊருக்குள் நுழைந்து நாலு பேரை விசாரித்ததும் திரும்பிப் போயின. சில வருஷம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை வருகிறவளுக்குத்தான் வீடு என்ற வழக்கப்படி அது என் பெயருக்கு வந்தது. ஆற்றுக்கூடமும் கட்டிலும்கூட.

என் நிக்காஹ் அன்று சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம். கூடத்தில் நானும் லாத்தாவும் மட்டும். அவள்தான் எனக்குப் பூ வைத்தாள், அவள்தான் கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"நான் தெருப்பக்க அறையில் இருந்துக்கிறேன் லாத்தா. இது உன்னோட கூடம். நீயே வச்சுக்க."

"பைத்தியம். புது மாப்பிள்ளையை பஸ் புழுதியிலயா படுக்கவைப்பாங்க?"

அவள் தரையில் குப்புறப் படுத்தாள். சிவப்பு சிமெண்டில் காதை வைத்தாள். அன்றைக்குப் போலவே முக்காடு ஒரு பக்கம், சடை ஒரு பக்கம். சடையில் ஒன்றிரண்டு நரை இருந்தது.

"வா. நீயும் கேளு."

பட்டுச்சேலை கசங்குமே என்று பார்க்காமல் நானும் பக்கத்தில் படுத்தேன். அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கடல் ஏற்றம்.

"கேக்குதா?"

"கேக்குது லாத்தா."

"அப்ப ஒண்ணுமில்லே. பயப்படாம இரு."

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மூலையில் இருந்த தன்னுடைய பாயையும் தலையணையையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருப்பக்க அறைக்குப் போனாள்.

கண் மூடி மவுத்தாகும் வரை லாத்தா அந்த அறையில்தான் படுத்தாள். அங்கே பஸ் சத்தம் கேட்கும். ஆறு கேட்காது.